பொம்மை ரயிலுக்கு ஒரு ஜன்னல் சீட்

செங்கோட்டை பாசஞ்சரில் தினமும் திருநெல்வேலிக்குப் போய்வருகிறவர்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஜன்னல் கம்பி வழியாக ஒரு கைக்குட்டை உள்ளே விழுந்துவிட்டால், அது விழுந்த இருக்கை கைக்குட்டைக்காரருக்குச் சொந்தம். அதற்கு அப்பீல் கிடையாது. கைக்குட்டை இல்லாதவர்கள் துண்டு, குடை, டிபன் பை என்று கையில் கிடைத்ததைப் போடுவார்கள். ஒரு சீசனில் ஒருவர் முழுப் பலாப்பழத்தை வைத்து இடம் பிடித்தார். அதையும் யாரும் நகர்த்தவில்லை.

பரமேஸ்வரன் இந்தச் சட்டத்தின் நிழலில் சுகமாக வாழ்ந்தவர். வீடு தென்காசியில், வேலை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில். அவருடைய சிநேகிதர் சிவசைலம் செங்கோட்டைக்காரர். பாளையங்கோட்டையில் பத்திரப் பதிவு ஆபீஸில் எழுத்தர் என்பதால், எது யாருக்குச் சொந்தம் என்பதில் கொஞ்சம் கறாரான ஆள். வண்டி கிளம்புவதே செங்கோட்டையில்தான். ஆகவே காலையில் சிவசைலம் முதலில் ஏறி, நான்காவது பெட்டியில் எதிரெதிராக இருக்கும் ஒற்றை இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, மற்றதில் தன் பச்சைக் கட்டம் போட்ட கைக்குட்டையை விரித்துவிடுவார். தென்காசியில் கூட்டம் முட்டி மோதி ஏறும்போது, பரமேஸ்வரன் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி கடைசியில் நிதானமாக ஏறி உட்காருவார். சாயங்காலம் முறை மாறும். ஜங்ஷனில் பரமேஸ்வரன் முன்னால் போய் இரண்டு இடம் பிடித்து வைப்பார். பாளையங்கோட்டையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வரும் சிவசைலம் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு உட்காருவார்.

இப்படியே பல வருஷம் ஓடியது. இரண்டு பேரின் முழங்காலுக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்சூண்டு இடத்தில் அவர்கள் பேசாத விஷயமில்லை. சிவசைலத்தின் மகள் கல்யாணம், அவருடைய இடது முட்டி வலி, பரமேஸ்வரனின் பிரமோஷன், ஆழ்வார்குறிச்சியில் ஏறுகிறவரின் முறுக்கில் காறல் வாடை அடிப்பது, எல்லாம் அங்கேதான் அலசப்பட்டன.

இத்தனையையும் கெடுத்தது ஒரு பொம்மை ரயில்.

பொம்மை என்றால் பரமேஸ்வரனுக்குக் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தக் கணக்கில் ஒரு பெட்டி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட வரும். மாடி அறையில் பிளைவுட் பலகை மேல் தென்காசி ஸ்டேஷனையே அவர் எழுப்பி வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை அட்டையில் நடைமேடை. ஊதுபத்திக் குச்சியில் விளக்குக் கம்பம். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லிக்காக மணலை மாவுச் சல்லடையில் சலித்தார். அதற்குப் பிறகு அவர் மனைவி உமாதேவி வேறு சல்லடை வாங்கினாள். ஸ்டேஷன் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, நடைமேடையில் படுத்திருக்கும் நாய்கூட இருந்தது. ரயில்தான் இல்லை.

கடையில் கிடைப்பதெல்லாம் ஜெர்மனிக்காரன் ரயில். நம் நாட்டு வண்டி என்று தேடினால் ராஜதானி வந்து நிற்கிறது. தென்காசி ஸ்டேஷனில் ராஜதானியை நிறுத்தினால் பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா? அவருக்கு வேண்டியது அடர்நீலமும் வெளிர்நீலமும் பூசின, ஜன்னலில் குறுக்குக் கம்பி போட்ட, படியில் துருவேறின சாதாரண பாசஞ்சர் பெட்டி. அதையெல்லாம் யார் மாடலாகச் செய்வார்கள்?

"தெனமும் அதுலதான இடிபட்டு வாரிய? வீட்டுக்கு வந்தும் அதையேவா கட்டிக்கிட்டு அழணும்?" என்பாள் உமாதேவி.

"அந்த வண்டிதானட்டி நமக்குச் சோறு போடுது" என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பார். உண்மையில் காரணம் அவருக்கும் தெரியாது.

மாடல் ரயில்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பிறகு, தை மாதத்தில் புனலூரிலிருந்து ஜாய் என்பவர் பதில் போட்டார். அவரே கையால் செய்த இரண்டு நீலப் பெட்டிகள் இருக்கின்றன, வேலைக்கு வெளிநாடு போவதால் நல்ல கையில் ஒப்படைக்க நினைக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு பரமேஸ்வரன் உடனே சரியென்று சொன்னார். "சேட்டா, பொன்னு போலே நோக்கணும், கேட்டோ" என்று, பொன் போலப் பார்த்துக்கொள்ளும்படி மலையாளத்தில் குரல் பதிவு ஒன்றை அனுப்பிவிட்டு ஜாய் கூரியரில் போட்டார். பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் முகவரி அலுவலகத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பெட்டி வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் முகூர்த்தம். சாயங்கால வண்டியில் எள் போட்டால் எள் விழாது. பரமேஸ்வரன் வழக்கம்போல முன்னால் போய் உட்கார்ந்து, எதிர் இருக்கையில் கைக்குட்டையை விரித்தார். பிறகு மடியில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். நிற்கிறவர்களின் பைகள் அவர் மடியில் இடித்தன. கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று அதைத் தூக்கிக் கைக்குட்டையின் மேல் வைத்தார். பிறகு ஒரு ஓரமாகப் பிரித்து எட்டிப் பார்த்தார். உள்ளே நீலம் தெரிந்தது. அதோடு உலகம் மறந்துபோயிற்று.

சிவசைலம் ஏறும்போது வண்டி நகர ஆரம்பித்திருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, முட்டியைப் பிடித்தபடி நின்றார்.

"எடும் வே அதை. முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"ஒரு நிமிஷம் இரும். மேல வச்சா குலுங்கி விழுந்துரும். கீழ வச்சா மிதிச்சிருவாங்க."

"மடியில வையும்."

"இந்தக் கூட்டத்துல மடியில வச்சு எவனாவது சாஞ்சுட்டாம்னா? இது ஒடஞ்சா திரும்பக் கெடைக்காது வே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிவசைலம் சிரிக்கவில்லை.

"அப்ப நான் ஒடஞ்சா கெடைப்பேனோ?" என்று கேட்டார்.

பரமேஸ்வரன் அந்த நேரத்தில் எழுந்து நின்றிருக்கலாம். பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு தன் இடத்தைக் கொடுத்திருக்கலாம். புத்தி அங்கே போகவில்லை. அட்டைப்பெட்டியின் வாயை மூடுவதிலேயே இருந்தது. சிவசைலம் நகர்ந்து கதவுப் பக்கம் போனார். அம்பாசமுத்திரத்தில் கூட்டம் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். ஜன்னலோரத்தில் பொம்மை ரயில் காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலையில் பரமேஸ்வரன் மாப்பிள்ளை வீட்டு நடையில் ஏறினார். ஒற்றை இருக்கைகளில் யாரோ இரண்டு காலேஜ் பெண்கள் இருந்தார்கள். சிவசைலம் ஏழாவது பெட்டிக்கு மாறிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து பரமேஸ்வரன் நின்றுகொண்டு போகத் தொடங்கினார். கீழக்கடையம் நின்றுகொண்டு, ரவணசமுத்திரம் நின்றுகொண்டு, அம்பாசமுத்திரத்தில் கோர்ட்டுக்காரர்கள் இறங்கினால் உட்கார்ந்து. நான்காவது பெட்டியில் வேறு யாராவது அவருக்கு இடம் போட்டிருப்பார்கள்தான். அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

நான்காவது பெட்டியின் நாட்டாமை ஜெயசித்ரா. கூட்டுறவு வங்கியில் வேலை, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின்.

"ரெண்டு பேரும் எல்.கே.ஜி. பிள்ளைய மாதிரி நடந்துக்கிடுதீய. ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன கொறைஞ்சா போவுது, அண்ணாச்சி?"

"மெசேஜ் அனுப்பினேம்மா. பாத்தாச்சுன்னு நீலக் கோடு வந்துட்டு. பதில் இல்ல."

"என்ன அனுப்புனீய?"

அவர் போனை நீட்டினார். மன்னிக்கவும், ஆனால் பெட்டி உடைந்திருந்தால் எனக்கு வேறு கிடைத்திருக்காது என்று இருந்தது.

ஜெயசித்ரா தலையில் அடித்துக்கொண்டாள். "மன்னிப்புக் கேக்குத எடத்துல எவனாவது 'ஆனால்' போடுவானா?"

இனி எது சொன்னாலும் அந்த 'ஆனால்' கூடவே வரும் என்று பரமேஸ்வரனுக்கே தோன்றியது. எனவே அவர் வாயை மூடிக்கொண்டு கையால் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறையை விட்டு இறங்குவதில்லை. ஜாய் தந்த பெட்டிகளின் கூரையைக் கழற்றி எடுக்கும்படி மாற்றினார். ஐஸ்கிரீம் குச்சியைச் சீவி இருக்கைகள் போட்டார். பழைய கைக்கடிகாரத்தின் பல்சக்கரங்கள் மின்விசிறிகளாயின. அதில் ஒன்றை வேண்டுமென்றே கோணலாக ஒட்டினார், நான்காவது பெட்டியில் சீப்பால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றும் அந்த விசிறிதான் அது. துருவுக்கு மிளகாய்த்தூளும் பசையும். படி விளிம்பில் தேய்ந்த இடத்துக்கு உமாதேவியின் வெள்ளி நிற நகப்பூச்சு. வெட்டின இடத்தில் திரும்பப் பூசின நீலம் மட்டும் சரியாக வரவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் நிஜப் பெட்டிக்குப் பக்கத்தில் நீலம் பூசின அட்டைத் துண்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். போலீஸ்காரர் ஒருவர் என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, கடைசியில் அவரே, "இன்னும் ஒரு பொட்டு கருப்பு சேக்கணும் சார்" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஆட்கள். குண்டூசி மேல் எம்-சீல் பசையை உருட்டி, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மனிதர்களைச் செய்தார். போனில் சத்தமாகப் பேசும் ஜெயசித்ரா, முறுக்குக் கூடையோடு ஒருவர், வாயைப் பிளந்து தூங்கும் வாத்தியார், கதவுப் பக்கத்தில் சீட்டாடும் கோஷ்டி. ஒற்றை இருக்கை ஒன்றில் தன்னையும் உட்கார வைத்தார். வழுக்கையை மறைக்கவில்லை.

சிவசைலத்தை மூன்று தடவை செய்தார். ஒன்று ஒல்லியாகப் போயிற்று. அடுத்ததில் மூக்கு சரியில்லை. மூன்றாவது அச்சு அசல் அவரேதான், இடது முட்டியில் கை வைத்தபடி. அதை எதிர் இருக்கையில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வைத்த கையாலேயே எடுத்து ஒரு மாத்திரை டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

காபி கொண்டுவந்த உமாதேவி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நல்லாத்தான இருந்தாவ? ஏன் எடுத்துட்டிய?"

"அவன் எடத்தை ஒரு அட்டைப்பெட்டிக்குக் குடுத்தவன் நான். இப்ப அவனைக் கேக்காம ஒரு பொம்மையை வச்சு ரொப்புனா அதுவும் அதே மாதிரிதான."

"அப்ப ஒரு கைக்குட்டையாவது போட்டு வையுங்க."

"என் கைக்குட்டைக்கு மதிப்புப் போயிட்டுட்டி" என்றார் பரமேஸ்வரன். டப்பா மூடியை இன்னொரு தடவை அழுத்தினார். உமாதேவி காபியை வைத்துவிட்டு அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே போனாள்.

ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் திருவிழா. அதையொட்டி ஒரு மண்டபத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி போட்டார்கள். தபால்தலை, போன்சாய் மரம், தீப்பெட்டி அட்டை ஆகியவற்றுக்கு நடுவே தென்காசி ஸ்டேஷனுக்கும் ஒரு மேஜை கிடைத்தது. ஜெயசித்ராவின் ஏற்பாடு. வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம வண்டியைப் பார்க்க எல்லாரும் வரவும்' என்று போட்டாள். சிவசைலம் பெட்டி மாறினாலும் குழுவை விட்டு விலகியிருக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் பரமேஸ்வரன் சனிக்கிழமை காலையில் மேஜையை அடுக்கினார். வாசலில் யார் நிழல் விழுந்தாலும் நிமிர்ந்து பார்த்தார்.

வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு நேராக வந்த கூட்டம், தலையில் ஈரத் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வாசம், கையில் நேந்திரங்காய் சிப்ஸ். "ஈரக் கையோட தொடாதீங்க, ஷாக்கடிக்கும்" என்று உமாதேவி பொய் சொல்லிக் காவல் காத்தாள். நீலப் பெட்டிகள் மலையடிவாரத்தைச் சுற்றிவந்து ஸ்டேஷனில் நின்றபோது கைதட்டினார்கள். நான்காவது பெட்டிக்காரர்கள் மொத்தமாக வந்து, கூரையைக் கழற்றச் சொல்லித் தங்களைத் தேடினார்கள்.

"எனக்கு இம்புட்டு வயிறா, அண்ணாச்சி?" என்று ஜெயசித்ரா சண்டைக்கு வந்தாள். தூங்குகிற வாத்தியாருக்குத் தான் வாயைத் திறந்து தூங்குவது அன்றுதான் தெரிந்தது. பிறகு யாரோ, "இதென்ன, உம்ம எதுத்தாப்புல காலியா இருக்கு?" என்று கேட்டார்கள்.

"ஆள் இன்னும் ஏறல" என்றார் பரமேஸ்வரன்.

மத்தியானம் தாண்டியது. சிவசைலம் வரவில்லை. பரமேஸ்வரனின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து உமாதேவி அவர் கையில் துண்டைத் திணித்தாள். "குத்தாலத்துக்கு வந்து குளிக்காமப் போறவுக உண்டா? போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

மெயினருவியில் தலையைக் கொடுத்து நின்றார். தண்ணீர் மண்டையில் மொத்துகிற மொத்தில் ஒரு கவலையும் நிற்காது என்பார்கள். இவருடைய கவலை மட்டும் அசையாமல் நின்றது. திரும்பி வந்து, சாயங்காலம்வரை ரயிலை ஓட்டிக் காட்டினார். கூட்டம் குறைந்ததும் பெட்டிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். பஞ்சு வைத்துச் சுற்றுவதற்கு முன் உள்ளே ஏதாவது ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கக் கூரையைக் கழற்றினார்.

அவருக்கு எதிர் இருக்கை காலியாக இல்லை. அதில் ஒரு துணித்துணுக்கு விரித்திருந்தது. கொத்தமல்லி இலை அளவுகூட இராது. வெள்ளைத் துணி. அதில் ஒரே ஒரு பச்சைக் கட்டம்.

பரமேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாரு வந்தா?" என்றார்.

"நெறைய பேரு வந்தாவ" என்றாள் உமாதேவி, வயரைச் சுருட்டியபடி. "நீங்க அருவிக்குப் போன பொறவு ஒருத்தர் வந்தாவ. நீங்க போறதப் பாத்துட்டுதான் வந்திருப்பாவ போல. கூரையக் கழத்தச் சொல்லி ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னாவ. பொறவு, தங்கச்சி, கத்தரி இருக்கான்னு கேட்டாவ. எடுத்துக் குடுத்தேன்."

"எதுக்குன்னு கேக்கலியா நீ?"

"கேக்கல. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன்."

அவர் கூரையை மூடினார். மூடிவிட்டு உடனே மறுபடியும் திறந்து பார்த்தார். இதை உமாதேவி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகக் கழிந்தது. திங்கட்கிழமை தென்காசி ஸ்டேஷனில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பரமேஸ்வரன் சீக்கிரமே வந்து நின்றுவிட்டார். ஒரு துணுக்கை நம்பி இவ்வளவு ஆசைப்படலாமா? அந்தத் துணுக்கு 'இந்த இடம் என்னுடையது, ஞாபகம் வைத்துக்கொள்' என்று கணக்குத் தீர்ப்பதாகவும் இருக்கலாமே. பதிவு ஆபீஸ்காரர் மனசு யாருக்குத் தெரியும். வண்டி வந்தது. அன்றைக்கு அவர் மாப்பிள்ளை வீட்டு நடை நடக்கவில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே ஓடினார்.

நான்காவது பெட்டி. ஒற்றை இருக்கையில் சிவசைலம் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர் இருக்கையில் பச்சைக் கட்டக் கைக்குட்டை விரித்திருந்தது. அதன் ஒரு மூலை கோணல்மாணலாக வெட்டப்பட்டிருந்தது.

"அங்க யாரோ இடம் போட்டிருக்காங்க சார்" என்று பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் அவருக்குச் சட்டம் சொன்னான்.

"எனக்குத்தான் தம்பி" என்றார் பரமேஸ்வரன்.

உட்கார்ந்தார். வண்டி எடுத்தது. பாவூர்சத்திரம்வரை இருவரும் மலையையே பார்த்தார்கள், மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தும்.

"அன்னைக்கு நான் எந்திச்சிருக்கணும் வே" என்றார் பரமேஸ்வரன். இந்தத் தடவை 'ஆனால்' வரவில்லை.

"ஆமா. எந்திச்சிருக்கணும்."

சிவசைலம் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார், "தெனமும் நின்னுக்கிட்டா வந்தீரு?"

"அம்பாசமுத்திரம் வரைக்கும்."

"நான் உக்காந்துதான் வந்தேன்" என்றார் சிவசைலம். "ஏழாவது பெட்டியில நல்ல எடம். ஆனா ஒருத்தன்கூட வாயத் தொறக்க மாட்டேங்கான். சீ, அதெல்லாம் ஒரு பெட்டியா வே?"

பரமேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். சிவசைலம் தன்னைத் தானே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "முட்டி வலியக்கூட விடலியே வே நீரு" என்றவர் மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டையைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். அது பரமேஸ்வரனின் மடியில் இருந்தது. அவர் அதை நாலாக மடித்து, வெட்டுப்பட்ட மூலை உள்ளே போகும்படி வைத்துக் கொடுத்தார்.

"வீட்டுல கேட்டாவளா, மூலை எங்கன்னு?"

"எலி கடிச்சிட்டுன்னு சொல்லிட்டேன்" என்றார் சிவசைலம், முகத்தைத் துடைத்துக்கொண்டே.